பக்கத்து மேஜை

“அந்த உம்மணாமூஞ்சியைக் கூப்பிடாதே. அவர் வந்து உட்கார்ந்தா கேக்கே கசந்து போயிடும்” என்றான் வாயாடி.

கேக் கொண்டுவந்திருந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்கு முதல் பிறந்தநாள். ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கேன்டீனில் பக்கத்து மேஜைக்குப் போனாள். டீமின் வேலையைச் சோதிக்கும் டெஸ்டர் வழக்கம்போல் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், பாப்பாவுக்கு இன்னைக்குப் பிறந்தநாள்.”

“நல்லா இருக்கட்டும். கேக் வேண்டாம்மா.”

“சர்க்கரையா சார்?”

“அதெல்லாம் இல்ல. வேண்டாம்.”

மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டோடு வந்தவளின் முகம் சுண்டிப்போயிருந்தது.

இவர்கள் செய்வது, பச்சைக் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப். முன்பெல்லாம் செய்கிறவர்கள் ஒரு கட்டடம், சோதிக்கிறவர்கள் வேறு கட்டடம். எல்லாம் முடிந்த பிறகுதான் சோதனை. இப்போது அஜைல் என்ற புது முறை வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குக் கொஞ்சமாகச் செய்து, கையோடு சோதிக்க வேண்டும். அதற்காக டெஸ்டரையும் டீமோடு ஒரே அறையில் கொண்டுவந்து போட்டார்கள். செய்தவரே சோதிக்கக் கூடாது என்ற அரசாங்க விதி மட்டும் அப்படியே இருந்தது.

வந்த அன்றே அவர் தன் மேஜையை மூலைக்கு இழுத்துக்கொண்டார்.

“நாம எல்லாரும் ஒரே டீம் சார்” என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார்.

“வேலையில ஒரே டீம். டீ குடிக்கிறதுல வேண்டாம்.”

இப்படிப் பேசுகிறவரிடம் அப்புறம் யார் வாய் கொடுப்பார்கள்?

வாயாடி கேக்கைத் தின்றுகொண்டே கதையை ஆரம்பித்தான். “நம்ம பம்ப் அலாரம் அடிச்சா செத்தவன்கூட எழுந்துக்குவான்னு என் மாமனார்கிட்ட பெருமையா சொன்னேன். ‘அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை மெஷின்? உங்க அத்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறேனே’ங்கறார்.”

மேஜையே குலுங்கியது. பக்கத்து மேஜையில் டெஸ்டருக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டே, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

“பாத்தியா, நாம சிரிச்சாலே அவருக்கு ஆகல” என்றான் வாயாடி.

“புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க” என்றாள் அவள்.

“அவரை யாரு நினைக்கப்போறா?”

அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஒன்றாக அட்டை ஒட்டிய பலகைக்கு முன்னால் நின்றபடியே நடக்கும் கூட்டம். வெள்ளிக்கிழமை டாக்டர்கள் பம்பைப் பார்க்க வருகிறார்கள். அவளுடைய அட்டை ஒன்றுதான் பாக்கி. குழாய் மடங்கி மருந்து நின்றால், பத்து செகண்டுக்குள் அலாரம் அடிக்க வேண்டும்.

“ஃபெயில். பன்னிரண்டு ஆகுது” என்றார் டெஸ்டர்.

“ரெண்டு செகண்ட்தானே சார். டாக்டருங்க வந்துட்டுப் போகட்டும், அடுத்த ரெண்டு வாரத்துல சரி பண்ணிடறேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “பிரசவ லீவு முடிஞ்சு வந்த பிறகு இதுதான் எனக்கு முதல் பெரிய வேலை சார். இதையும் முடிக்கலைன்னா, குழந்தைக்காரிக்கு இனிமே எதுக்குப் பெரிய வேலைன்னுடுவாங்க.”

அவர் அட்டையை எடுத்தார். ‘முடிந்தது’ என்ற பக்கம் கொண்டுபோனார். அங்கே கை கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு மூலைக்குப் போய்விட்டார்.

“ஆசை காட்டி மோசம் பண்றதுன்னா இதுதான். கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இந்த ஆள்கிட்ட முடியாது” என்றான் வாயாடி. அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர்கள் வந்தார்கள், அந்த அலாரம் இல்லாத பம்பைப் பார்த்தார்கள், போனார்கள். அடுத்த வாரம் ராப்பகலாக உட்கார்ந்து அவள் அந்த இரண்டு செகண்டைக் குறைத்தாள். அட்டையை அவரே ‘முடிந்தது’ பக்கம் மாற்றி ஒட்டினார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வந்து சொன்னார். “சார் எக்ஸ்ரே மெஷின் பக்கம் மாத்தலாகிப் போறார். இன்னையிலேருந்து நமக்குப் புது டெஸ்டர்.”

“விட்டது சனி” என்று வாயாடி முணுமுணுத்தான்.

அன்று சாயங்காலம் டீ நேரம். யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தார்கள். கையில் டம்ளரோடு டெஸ்டர்.

“இங்க உட்காரலாமா?”

அவள்தான் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“மாத்தல் நானா கேட்டு வாங்கினதும்மா. அன்னைக்கு உன் அட்டையை நிஜமாவே ஒட்டிடலாம்னுதான் கொண்டுபோனேன். நீ அழுதுடுவியேன்னு இருந்துச்சு. எனக்கு இளகின மனசு. பழகிட்டா ஃபெயில் போடக் கை வராது. அதான் தள்ளியே உட்கார்ந்து பார்த்தேன். ஆனா வீட்ல பேச ஆளில்லை, காது இந்த மேஜையிலேயே கிடந்துச்சு. இனிமே நான் உங்க வேலையைச் சோதிக்கக் கூடாது. பம்பை மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கறதும் குழந்தைங்கதானே?”

அவள் தலையை ஆட்டினாள்.

“பாப்பா இப்பவாவது அவங்க அப்பா மீசையைப் பார்த்தா அழாம இருக்காளா?”

அதை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. “பழகிட்டா சார்” என்றாள்.

அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாயாடி பக்கம் திரும்பினார்.

“தம்பி, அந்த மாமனார் கதை சொன்னீங்களே...”

“ஆமா சார்?”

“அதுக்கு இப்போ சிரிச்சுக்கலாமா?”