போகாத படர்தாமரை

"படர்தாமரையோட மெத்தையில ஏறக் கூடாது. மத்த பசங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று நடுவர் கோல்பியை வெளியே அனுப்பினார். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளி மல்யுத்தப் போட்டி அவனுக்கு அதோடு முடிந்தது.

வீடு வந்து சேரும்வரை அப்பா டெல்பர்ட் புலம்பித் தீர்த்தார்.

"மூணு டியூப் மருந்தை உன் கழுத்துல என் கையாலயே தேய்ச்சேன், சனியன் போகலையே! பள்ளிக்கூடத்துல மெத்தையைக் கழுவுறானுங்களா இல்லையா? அந்த டாக்டர் படிச்சுத்தான் பாஸ் பண்ணானா? குறைஞ்ச எடைப் பிரிவுல மோத எடை குறையணும்னு பட்டினி கிடந்தியேடா, அத்தனையும் பாழ்!"

கோல்பி, அம்மா மார்லிஸ் வைத்த மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அள்ளி அள்ளித் தின்றுவிட்டுத் தூங்கப் போனான்.

"இவனுக்கு எங்கேருந்துதான் ஒட்டுச்சோ!" என்றார் டெல்பர்ட்.

"நம்ம கொட்டகையில இருக்கிற கன்னுக்குட்டிகிட்டருந்து" என்றாள் மார்லிஸ். "அதுக்கும் படர்தாமரைதான். நீ மருந்து போட்டுட்டுப் போனதும் இவன் கழுவிடுவான். அப்புறம் போய் அதோட கழுத்துல கழுத்தை வெச்சுத் தேய்ச்சுட்டு வருவான்."

"பார்த்துட்டா சும்மா இருந்தே?"

"பசியில அவன் சுருண்டு கிடந்ததை நீயும்தான் பார்த்தே. சும்மாதானே இருந்தே?"