மூக்குக்காரி

கோகிலவாணி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுத்துப் போட வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் முழங்காலடியில் கிடந்த நோட்டை விட்டு நகரவில்லை.

மணிவேல் காலையில் மறந்துவிட்டுப் போன நோட்டு.

ஆம்பூர்ப் பக்கம் அவன் வேலை பார்த்த ஷூ கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு, குழந்தையோடு மலையில் இருக்கிற சொந்த ஊருக்கே திரும்பி நாலு மாசம் ஆகிறது. தினமும் வேலை தேடுகிறவன் மாதிரிதான் கிளம்பினான். கையில் நோட்டும் பென்சிலும் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு சாந்தம்மாள்தான் சொன்னாள். "ஒம் புருசன் மலைக்கு அந்தாண்ட பொம்பளைங்கள குந்த வெச்சி படம் போடறானாம்டி. வேலையத்தவனுக்கு வந்த வாழ்வப் பாரு."

அவள் நம்பவில்லை. இன்று நோட்டைப் பிரித்த பிறகு நம்பினாள்.

ஒரு பக்கத்தில் ரெண்டு கண். ஒரு பக்கத்தில் நெற்றி. ஒன்றில் சிரிக்கிற உதடு. இன்னொரு பக்கம் முழுக்க ஒரே மூக்கு, அழித்து அழித்துப் போட்ட மூக்கு.

கல்யாணமான புதிதில் அவளைத்தான் வரைவான். தோலில் கோடு போடுகிற வெள்ளிப் பேனாவால், துண்டுத் தோலில் அவள் முகத்தைப் போட்டுக்கொண்டு வருவான். அப்படி ஒரு சாயங்காலம்தான் அவனிடம் சொன்னாள். அம்மா சாகும்போது தனக்கு அஞ்சு வயசு. ஒரு போட்டோ கூடக் கிடையாது. புளி உடைக்கிற கை ஞாபகம் இருக்கிறது, முகம் வரவே மாட்டேன் என்கிறது. அப்பா ஆலங்காயத்தில் வேறு குடித்தனம் வைத்ததோடு அம்மா வீட்டு ஜனம் விட்டுப்போயிற்று. மணிவேல் அன்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அந்தக் கைதான் இப்போது எவள் மூக்கையோ வரைகிறது.

குழந்தைத் துணியெல்லாம் பையில் வைத்தாயிற்று. மதிய பஸ்ஸில் அப்பா வீட்டுக்கு. அதுதான் சரி என்று சாந்தம்மாளும் சொல்லிவிட்டாள்.

நோட்டைத் தேடிப் பாதி வழியிலேயே திரும்பி வந்தான் மணிவேல். அவள் அதைப் பிரித்து நீட்டினாள்.

"யாரு இந்த மூக்குக்காரி?"

அவன் பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"அது மூக்குக்காரி இல்ல. ஒன் தாய்மாமன் சின்னராசு."

அவளுக்கு விளங்கவில்லை.

"கண்ணு ஒன் சின்னம்மாவுது. நெத்தி பெரியம்மாவுது. யாருக்கு ஒங்கம்மா ஜாடைன்னு அந்தாண்ட அவங்க ஜனத்துகிட்ட வூடு வூடா கேட்டுக்கினு வந்தேன். வேலைல இருந்தப்ப இதுக்கு ஏது நேரம்?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். எல்லாம் சேர்ந்து ஒரு முகம். உதட்டுக்குக் கீழே மட்டும் வெறும் தாள்.

"தாவாக்கட்டை அங்க யாருகிட்டயும் இல்ல. பொண்ணுகிட்டதான் இருக்கும்னாங்க. செத்த அசையாம குந்து."

புளி ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கினாள். வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வேலிப்பக்கம் சாந்தம்மாள் குரல் கொடுத்தாள். "இன்னாடி கோகிலா, பஸ் வந்துட்சி. பைய எடுத்துக்கினு வா."

கோகிலவாணி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நான் வரலக்கா. எங்கம்மா வந்துக்கினு இருக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."