பஸ் பயணத்தின் சுகம்

கோவில்பட்டி வீட்டுத் தரகர் இசக்கிபாண்டி, கயத்தாறு வரைக்கும் வந்து கிருஷ்ணராஜிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"வாடகை கூடத்தான் அண்ணாச்சி. ஆனா ஆபீசு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. தினமும் இங்கன இருந்து எதுக்கு இந்த அலைச்சல்?"

கிருஷ்ணராஜ் காபியை நிதானமாக உறிஞ்சினார். "பஸ்ல போறது ஒரு அலைச்சலாவே? காலைக் காத்து சும்மா கிடைக்குது. ஒரு தூக்கம் போட்டா கோவில்பட்டி வந்துரும்."

"உக்கார சீட்டு கிடைக்கணும்லா?"

"நின்னா என்ன? உடம்புக்கு நல்லது. ஆபீசுல நாள் பூரா உக்காந்துதான இருக்கணும்?"

"வீடு திரும்ப இருட்டிருமே?"

"இருட்டட்டும். அதுக்காக வாடகையைக் கொட்டிக் குடுக்க முடியுமா?"

இப்படி ஒரு உழைப்பாளியை இசக்கிபாண்டி தன் தொழிலில் பார்த்ததே இல்லை. அவருக்கு மனசு இளகிவிட்டது. அதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

"பஸ் வந்துட்டு அண்ணாச்சி. நீங்க கிளம்புங்க, பொறவு பேசுவோம்."

"நானா?" கிருஷ்ணராஜ் சிரித்தார். "எனக்கு ஏதுவே ஆபீசு? வேலைக்குப் போறது என் வீட்டுக்காரியில்லா!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, சாப்பாட்டுப் பையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் ராதாமணி. தரகர் முன்னால் ஒரு நொடி நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த வீட்டை எனக்கே முடிச்சிருங்க. சாயங்காலம் சாவி வாங்கிக்கிடுதேன்."

கிருஷ்ணராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏட்டி, அப்ப எனக்குச் சோறு?"

"கோவில்பட்டியில ஆக்கி வச்சிருப்பேன். பசிச்சா பஸ் ஏறி வாங்க."