கதவை மூடினாலும் எரிகிற விளக்கு

கொட்டகைத் தகரத்தில் மழை காதைப் பிளக்கிறது. வெல்டர், குளிரூட்டும் மோட்டார் செத்துப்போன பழைய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டுகிறான். வெல்டிங் ராடுகள் இளஞ்சூடாக, பொரிபோல உலர்ந்து கிடக்கின்றன. உள்ளே எரியும் குண்டு பல்பின் சூடே போதும், ராடு ஈரம் குடிக்காது என்று போன வாரம் பெருமையாக அடுக்கி வைத்தவன் அவன்தான். ஆனாலும் நேற்றுவரை ஒவ்வொரு ராடும் சடசடவென்று தெறித்தது. இரும்பில் வைத்த பற்றெல்லாம் ஓட்டை ஓட்டையாகி, நாளை கொடுக்க வேண்டிய மாடிப்படி பாதியில் நிற்கிறது. நேற்றுதான் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, கதவை மூடினா ஃபிரிட்ஜ் லைட்டு அணைஞ்சிடும்னு கூடவா தெரியாது?” சொன்னதோடு நிற்காமல், விளக்குப் பொத்தானை அமுக்குகிற கதவு விளிம்பை அடுப்பில் காய்ச்சிய கத்தியால், பொத்தானில் படாதபடி குடைந்தும் விட்டாள். இப்போது அவன் முகமூடியை இறக்கி ராடை இரும்பில் தட்டுகிறான். நீல ஒளி நடுங்காமல் நிற்கிறது. சட்டியில் ஏதோ வதங்குவது போல ஒரே சீரான ஓசை. ஒளி கண்ணில் படாமல் முதுகைக் காட்டி நிற்கும் மனைவி அதைக் காதாலேயே பார்க்கிறாள். சுத்தியல் படுவதற்குள், நல்ல பற்றில் மட்டும் நடப்பதுபோல், மேலே படிந்த கருப்புக் கசடு முழுசாகச் சுருண்டு கழல்கிறது. அடியில் மீன் செதில் போலப் பற்று மின்னுகிறது. அந்தச் சுருள் ஆறும்வரை காத்திருந்து, அவள் உள்ளங்கையில் வைக்கிறான். “குப்பையைக் கொண்டாந்து கையில குடுக்கறீங்களே!” வெளியே வீசத்தான் போகிறாள். மழையைப் பார்த்ததும் திரும்பி வந்து, அதை ராடுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை மூடுகிறாள். “நனையாம இருக்கட்டும்.”