கடைசிப் பந்து

பாலாற்றங்கரை மைதானத்தில் வெயில் சாய்கிறது. காற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம். இருபது வருஷம் ஊர் கால்பந்து அணியின் கோலைக் காத்த கோபிக்கு இன்றோடு ஓய்வு. ரசிகர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பந்து அடிக்கிறார்கள். இங்கே வழியனுப்புவது அப்படித்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் எல்லாப் பந்தும் அவன் கைக்கே வருகிறது. கைதட்டல் ஏற ஏற அவன் முகம் சுருங்குகிறது. வரிசையின் கடைசியில் காசிநாதன். கோலுக்குப் பின்னால் நின்று இத்தனை வருஷமும் அவனைத் திட்டியவர், பாராட்டு என்றாலே நம்பாதவர். "இன்னாடா, பிச்சை போட்ற மாதிரி போட்றானுங்க, நீயும் வாங்கிக்கிற?" "அதான் மாமா, நீயாவது நெசமா அடி. ஒண்ணே ஒண்ணு." "ஓட்டைக் கையி! வலது மூலைக்கு அடிக்கிறேன், புடி பார்க்கலாம்." செருப்பை உதறிவிட்டு ஓடி வருகிறார். கோபி கையை விரித்துக் குனிகிறான். கண்ணில் பழைய வெறி. குனிந்ததில் முழங்கால் கட்டு வெளியே தெரிகிறது. அது காசிநாதன் கண்ணிலும் படுகிறது. அவர் அடித்த பந்து மெல்ல உருண்டு அவன் இரண்டு கைக்கும் நடுவே போய் நிற்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். கோபி பந்தை எடுக்காமல் அவரையே பார்க்கிறான். காசிநாதன் திரும்பிச் செருப்பைத் தேடுகிறார். வெயில் இன்னும் இருக்கிறது; செருப்புதான் தெரியவில்லை.