வராத ஆமென்

கொடியில் காக்கிச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. தேவசகாயம் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். ரிட்டயர் ஆகி மூன்று மாதமான பஸ் டிரைவர் இன்னும் காக்கியைத் துவைத்துக் காயப்போடுகிறார் என்றால், ஆள் வீட்டிலும் மனசு டிப்போவிலும் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

"தூசி புடிச்சிக்கினு கெடந்துச்சி சார். கிரேஸ்தான் தோச்சிப் போட்டா" என்றார் மாசிலாமணி. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ராத்திரி தூக்கம் இல்லையா?"

"எங்க சார் தூங்குறது!"

பாவம், வேலை போன துக்கம் தூங்கவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார் தேவசகாயம்.

தேவசகாயமும் ஓய்வு பெற்றவர்தான். காஞ்சிபுரத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். போன வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டதும், சபைப் போதகர் அவரைச் சென்னைக்கு அனுப்பி, ஓய்வு பெற்ற விசுவாசிகளுக்கு வழிகாட்டும் 'லைஃப் கோச்' பயிற்சி எடுக்க வைத்தார். பிறகு ஐயம்பேட்டைக் கிளைச் சபையிலிருந்து இந்த மாசிலாமணியை ஒப்படைத்தார். வியாழன் தவறாமல் தேவசகாயம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். அவருக்கு வாய்த்தது இந்த ஒரே ஆள். இவரையும் கரையேற்ற முடியாவிட்டால் ஆண்டவர் தன்னை எதற்குத்தான் வைத்திருக்கிறார் என்ற பயம் அவரை அரித்தது.

"போன வாரம் சொன்னதைச் செஞ்சீங்களா? காலையில அரை மணி ஜெபம், சாயங்காலம் சபைப் பிள்ளைங்களுக்குப் பாட்டு..."

"நேரமே கெடைக்கல சார்."

ரிட்டயர் ஆனவருக்கு நேரம் இல்லையாம்! ஹோம்வொர்க் எழுதாத பையன்கூடக் கொஞ்சம் நம்பும்படியாகப் பொய் சொல்வான். தேவசகாயத்துக்குக் கோபம் வரவில்லை, இயலாமைதான் வந்தது. கற்ற வித்தை எல்லாவற்றையும் காட்டியாகிவிட்டது. சொல்லும்போது தலையைத் தலையை ஆட்டுகிறார். மறு வாரம் வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி.

திடீரென்று அவருக்குப் பொறி தட்டியது. "மாசிலாமணி, ரிட்டயர்மெண்ட்டுக்கு நீங்க ஸ்தோத்திரக் கூட்டமே வைக்கலையே?"

வேலை கிடைத்தாலும், வீடு கட்டினாலும், ஓய்வு பெற்றாலும் சபையைக் கூப்பிட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லி, பிரியாணி போடாத விசுவாசி அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

காபி கொண்டுவந்த மனைவி கிரேஸ், மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தாள். "அதெல்லாம்... அப்பால பாத்துக்கலாம் சார்" என்றாள்.

"இல்லம்மா, நோவே அங்கதான் இருக்குது. நன்றி சொல்லாததாலதான் மனசு ஏத்துக்கல. கூட்டம் மெதுவா வைப்போம். இப்பவே ஒரு ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்துடலாம். முழங்கால் போடுங்க."

மூவரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்கள்.

"பரலோகப் பிதாவே, உம்முடைய பிள்ளை முப்பது வருஷம் வண்டி ஓட்டி, ஒரு சேதமுமில்லாமல் ஓய்வு பெறக் கிருபை செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

ஆமென் வரவில்லை. மனச் சமாதானம் கேட்டு ஜெபித்த வாரமெல்லாம் தெருவுக்கே கேட்க ஆமென் போட்ட மனுஷர்.

"வேலைப் பாரத்தை இறக்கி வைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒரே ஒரு ஆமென் சொல்லுங்க மாசிலாமணி" என்று தேவசகாயம் கெஞ்சியே விட்டார். இதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது மாசிலாமணியே வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. தேவசகாயத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆண்டவரே, மன்னிச்சிடும். மன்சனாண்ட சொன்ன பொய்ய உம்மாண்ட சொல்ல முடியல. எனக்கு அடுத்த வருசம் வரைக்கும் சர்வீஸ் இருக்குது. நேத்து ராத்திரிகூட பெங்களூர் வண்டிய ஓட்டிக்கினுதான் வந்தேன்."

தேவசகாயம் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கத் தைரியம் வரவில்லை.

"இஸ்கூல வுட்டதுலேர்ந்து சோறு தண்ணி எறங்காம, மோட்டுவளையப் பாத்துக்கினே கெடக்குறாருன்னு அவங்க வூட்டம்மா பாஸ்டராண்ட அழுதாங்க. 'உன் வூட்டுக்கு அனுப்பி வெக்கிறேன், வாராவாரம் அவரு எதிர்ல குந்து மாசிலாமணி, அது போதும்'னு பாஸ்டர்தான் சொன்னாரு."

மாசிலாமணியின் குரல் உடைந்தது.

"ஆறுதல் வேண்டியது எனக்கு இல்ல ஆண்டவரே, எங்க சாருக்குத்தான்."