மேல்கோடு

“தங்கம்மாட பேரை வெட்டுவம்” என்று இரத்தினசபாபதி ஐயா சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

வெட்டப் போனது தோட்டத்து ஆட்பதிவான செக்ரோலில் இல்லை, மகாதேவி மிஸ்ஸியின் கொப்பியில். மார்பில் புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு வந்த பெண்களுக்குக் கைப்பயிற்சி கொடுக்க, மிஸ்ஸி மாதம் இரண்டு தடவை புளத்கொகுபிட்டியவிலிருந்து தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருவார். அவர் யாருக்கு என்ன இலக்கு வைக்கிறார், யாரைக் கேட்டு வைக்கிறார் என்று பார்க்கத்தான் ஐயா கொழும்பிலிருந்து வந்திருந்தார்.

கொப்பியில் தங்கம்மாவுக்கு எழுதியிருந்த இலக்கு, மறுபடி கொழுந்தெடுப்பது. கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடையில் எறிய கை எவ்வளவு எழும்ப வேண்டுமோ, அந்த உயரத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு. விரல்களைச் சுவரில் ஊரவிட்டு ஊரவிட்டு, போன மாதமே அவள் அதைத் தொட்டுவிட்டாள்; இலக்கு முடிந்ததென்றுதான் ஐயா பேரை வெட்டப் பார்த்தார்.

அதற்கு வெகு மேலே இன்னொரு கோடு இருந்தது. தங்கம்மா கேட்டாளென்று டிஸ்பென்சரி ஆள் ஏழுமலை போட்டது. நெடியவன், முக்காலி தேவைப்படவில்லை.

அது எதற்கென்று ஐயா கேட்டார். தலைவாரிக்கொள்ள என்று மிஸ்ஸி சமாளித்துப் பார்த்தார். இவள் தலை அவ்வளவு உயரத்திலா இருக்கிறது என்றார் ஐயா.

“அப்ப கொப்பியில இருக்கிற இலக்கு இவவின்ர ஆசையோ, உம்மட ஆசையோ? நீர் கேட்டனீரோ?”

மிஸ்ஸி கேட்டதில்லை. கொழுந்துக்காரிக்குக் கொழுந்தைத் தவிர வேறென்ன என்று இருந்துவிட்டார்.

பேரை வெட்டினால் பயிற்சி நிற்கும், பயிற்சி நின்றால் கை இறுகிப் போகும். அது தங்கம்மாவுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே சுவரண்டை போய் விரலை ஏற்றினாள். மேல்கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே கை நின்றுவிட்டது.

“தை வரைக்கும் குடுங்க ஐயா. அதுக்குள்ள தொட்டுருவேன்.”

தையில் என்ன விசேஷம் என்று கேட்டார் ஐயா. தங்கம்மா கையை இறக்கவில்லை.

மருந்துப் போத்தல் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலைதான் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தபடி முன்னே வந்தான்.

“கல்யாணத்துல மாலை போடுறப்ப நான் குனிஞ்சுக்கிறேன்னுதாங்க சொன்னேன். வேணாமுன்னுட்டா.”